அல்பிரூனியின் குடுவை

பள்ளி ஆய்வகங்களில் வெப்பவியலுக்கென வைக்கப்பட்டிருக்கும் கருவிகளுள் யாவரும் அறிந்தது பித்தளைக் குண்டும் வளையமும் ஆகும். குளிர்ந்த நிலையில் வளையத்தினூடே தடையின்றிச் செல்லும் குண்டு, சுடரில் காய்ச்சப்பட்டபின் வளையத்தின்மேல் தங்கிவிடுகிறது. ஆறியதும் நழுவி வீழ்கிறது. 25 மில்லிமீட்டர் விட்டமுடைய குண்டு 300 பாகை சூடேறினால், விட்டம் ஏறத்தாழ 0.14 மில்லிமீட்டரே கூடும். வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அவ்வளர்ச்சியை மாணவன் ஐயமறக் காணும்படி செய்வதே இக்கருவியின் சிறப்பு.

இது கிராவெசாண்டே (1688–1742) பெயரால் வழங்குகிறது. ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1717இல் பேராசிரியரான அவர், நியூட்டனின் இயற்பியலைக் கணிதத்தால் மட்டுமன்றிக் கருவிகளாலும் கற்பித்தார். யான் வான் முஸ்சென்புரூக் என்னும் தேர்ந்த கைவினைஞர் அவருக்குக் கருவிகள் செய்தளித்தார்.

ஆனால், பொருள்கள் சூட்டால் விரியும், குளிரால் சுருங்கும் என்னும் விதி லெய்டனில் பிறந்ததன்று. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிஞர்கள் அதைத் தெரிந்த செய்தியாகக் கொண்டிருந்தனர். அவ்விதிக்கு அடங்காத ஒன்றைக் கண்டு வினவியவர் அல்பிரூனி.

குவாரிஸ்மில் 973இல் பிறந்த அவர், கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம்மினும் ஏழாண்டு இளையவரான இப்னு சீனாவுக்குப் பதினெட்டு வினாக்கள் விடுத்தார். பத்து, அரிஸ்டாட்டிலின் வானியல் நூலைப் பற்றியவை. எட்டு, அவரே எழுப்பியவை. அந்த எட்டனுள் ஒன்று குடுவை பற்றியது. குளிரால் பொருள்கள் சுருங்குமெனில், குடுவையிலுள்ள நீர் உறையும்போது குடுவை உடைவதேன்? பனிக்கட்டி நீரில் மிதப்பதேன் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள் என்பதை இன்று நாம் அறிவோம்.

இப்னு சீனாவின் விடை நுட்பமானது. குடுவையிலுள்ள காற்று குளிரால் சுருங்குகிறது. அதனால் உள்ளே வெற்றிடம் தோன்ற வேண்டும். வெற்றிடம் இயற்கையில் இயலாதது. ஆகவே குடுவை உடைகிறது என்றார். விதியும் தப்பியது, அரிஸ்டாட்டிலும் தப்பினார். விடை மட்டும் பிழை. அல்பிரூனி தொடர்ந்து மறுப்புரைத்தபோது, அவற்றுக்கு விடை எழுதும் பொறுப்பு இப்னு சீனாவின் மாணவர் அல்மஃஸூமியிடம் சென்றது.

வெப்பமானியைக் கண்டவர் இப்னு சீனாவே என்று நம்மவருள் சிலர் பெருமையுடன் எழுதுவதுண்டு. அவருக்கு இல்லாததைச் சூட்டும் அப்பெருமையைவிட, அவர் தவறிய இடத்தை நேர்மையுடன் காட்டுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் கருத்து. அந்த விவாதத்தில் நமக்கு மிஞ்சிய செல்வம் அல்பிரூனியின் கேள்வி.

அதன் ஒரு பாதியை மேலைநாட்டார் சோதித்தனர். 1657 முதல் 1667 வரை இயங்கிய ஃபுளோரன்ஸ் நகரின் சிமெந்தோ கழகத்தார், உலோகக் கலங்களில் நீரை நிரப்பி இறுக மூடி உறைய வைத்து, அவை வெடிப்பதைக் கண்டனர். உறையும் நீர் சுருங்குவதில்லை, பெருகுகிறது. அப்பெருக்கம் கனஅளவில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு.

மறு பாதியை எடின்பரோவின் வேதியியல் பேராசிரியர் தாமஸ் சார்ல்ஸ் ஹோப் 1805இல் வெளியிட்டார். நீர் நிறைந்த உயரமான உருளை. மேலொன்றும் கீழொன்றுமாக இரு வெப்பமானிகள். நடுவில் உறைகலவை நிறைந்த தொட்டி. முதலில் கீழ் வெப்பமானி இறங்கி, 4 பாகையில் நின்றுவிடும். அதன்பின்னரே மேல் வெப்பமானி இறங்கத் தொடங்கி 0 பாகையை அடையும். நீர் 4 பாகையில்தான் மிக அடர்ந்தது. அதற்குக் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலெழுகிறது. இக்கருவியும் வகுப்பறைக்கு வந்தது. ஆயினும் என் மாணவப் பருவத்தில் அதைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினர். பனிக்கட்டி வாங்க வழியில்லை என்றார் ஆசிரியர்.

குளிர்பதனப் பெட்டி உள்ள இந்நாளில் அக்குறை இல்லை. ஒரே அளவான இரு கண்ணாடிக் குப்பிகளை எடுத்து, ஒன்றில் விளிம்புவரை நீரும் மற்றொன்றில் பாதியளவு நீரும் ஊற்றி, மூடியைத் திருகி, தடித்த துணியில் தனித்தனியே சுற்றி உறையறையில் ஓரிரவு வைக்கலாம். இப்னு சீனாவின் கூற்றுப்படி, காற்று மிகுந்த பாதிக் குப்பியே முதலில் உடைய வேண்டும். காலையில் துணியை எச்சரிக்கையுடன் பிரித்தால், உடைந்திருப்பது நிறைகுப்பி.