ஹெக்டேர் கணக்கும் பத்துப் பையும்: மாடித்தோட்டத் தக்காளியில் பூச்சி மேலாண்மை

ஆய்வுச் சுருக்கம்

தக்காளியைத் தாக்கும் பூச்சிகளுக்கான பரிந்துரைகள் பெரும்பாலும் சந்தைக்குப் பயிரிடும் வயலுக்காக எழுதப்பட்டவை. அவற்றையே அளவில் சுருக்கி மாடியில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வயலுக்கான முடிவெடுக்கும் முறை பத்துச் செடிக்குப் பொருந்தாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் புழுவைக் கண்டதும் மருந்தைத் தேடும் வீட்டுத் தோட்டக்காரர், இலைச்சுருள் நோய் கண்ட செடியை மட்டும் வாரக்கணக்கில் வைத்துக் காக்கிறார். பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரமும், அவசரப்பட வேண்டிய இடத்தில் பொறுமையும் காட்டும் இந்தத் தலைகீழ் நடைமுறையைத் திருத்துவதே மருந்துத் தேர்வைவிட முதன்மையான பணி.

1. முன்னுரை

தமிழ்நாட்டு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டக் கிட்களை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை என்று ஒரு குடும்பம் காய்கறி வளர்க்கத் தேவையானவை அவற்றில் இருந்தன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, நியாயவிலைக் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அத்தகைய நாள்களில் மாடியில் காய்க்கும் பத்துச் செடி ஒரு வீட்டின் சமையலைத் தாங்கும்.

பையும் விதையும் வீட்டளவுக்குச் சுருங்கி வந்துவிட்டன. பூச்சி பற்றிய அறிவு அவ்வாறு வரவில்லை. கையேட்டைத் திறந்தால் ‘ஹெக்டேருக்கு இத்தனை’ என்றே தொடங்குகிறது. அந்த அலகில் அடங்கியிருக்கும் பொருளாதாரத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2. பொருளாதாரச் சேத நிலை யாருடைய அளவுகோல்?

1959-இல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய பூச்சியியலாளர் நால்வரும் கலிபோர்னியாவின் ‘ஹில்கார்டியா’ இதழில் ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாடு பற்றி எழுதினர். பூச்சி இருப்பதே மருந்தடிக்கப் போதுமான காரணம் ஆகாது. அதனால் வரும் இழப்பு கட்டுப்படுத்தும் செலவை எட்டும்போதுதான் தலையிட வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு. கண்டபடி தெளிப்பதற்கு எதிராக அறிவியல் எழுப்பிய முதன்மையான தடைகளுள் அதுவும் ஒன்று.

பொருளாதாரச் சேத நிலை என்னும் இந்த அளவுகோலுக்குள் விளைபொருளின் விலை, தெளிப்புச் செலவு, ஒரு பூச்சி விளைவிக்கும் சேதம், மருந்தின் பலன் ஆகியவை இருக்கின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை சரிந்தால் அதே புழு எண்ணிக்கைக்கு மருந்தடிப்பது உழவருக்குக் கட்டாது. விலை ஏறினால் கட்டும்.

வீட்டுக்காரருக்கு இக்கணக்கின் உறுப்புகள் ஒவ்வொன்றும் மாறிவிடுகின்றன. அவர் விற்பதில்லை, ஆகவே விலை நேரடியாகப் பொருந்தாது. புழு துளைத்த காயைச் சந்தை கழித்துவிடும். வீட்டில் துளைத்த பக்கத்தை அரிந்து எறிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடலாம். வயலில் கூலி பெரும் செலவு. மாடியில் தண்ணீர் ஊற்றும்போதே செடியைப் பார்ப்பதற்குத் தனிக்கூலி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெளிப்பவரும் உண்பவரும் ஒரே குடும்பத்தினர். ஆகவே வீட்டில் தலையிடுவதற்கான எல்லை வயலில் உள்ளதைவிட மிக உயரத்தில் இருக்க வேண்டும். வேதிமருந்தைப் பொறுத்தவரை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

3. அளக்க முடியாத அளவு

இதை எண்களாலும் காட்டலாம். 60 × 45 செ.மீ. இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 37,000 தக்காளிச் செடிகள் நிற்கும். ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளிப்புக் கரைசல் என்று கொண்டால் செடிக்கு 13.5 மி.லி., பத்துச் செடிக்கு 135 மி.லி. லிட்டருக்கு 1 மி.லி. கலக்க வேண்டிய மருந்தாக இருந்தால் பத்துச் செடிக்குத் தேவை 0.135 மி.லி.; அதாவது இரண்டு மூன்று சொட்டு. எந்த வீட்டுச் சமையலறையிலும் இதை அளக்கும் கருவி இல்லை. 100 மி.லி. புட்டி ஒன்று இக்கணக்கில் 740 தெளிப்புக்கு வரும். சொட்டச் சொட்ட நனைத்துப் பத்து மடங்கு செலவழித்தாலும் 74 தெளிப்புக்கு வரும். மூடியால் அளந்து ஊற்றுவது இங்கே தவிர்க்க முடியாத பழக்கமாகிவிடும். மீந்த புட்டி குழந்தைகள் புழங்கும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

காத்திருப்புக் காலமும் இதே போன்ற சிக்கல்தான். தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்ற விதி, நாள் குறித்துப் பறிக்கும் வயலில் நடைமுறைக்கு வரும். மாடிச் செடியில் பூவும் பிஞ்சும் பழமும் ஒரே வேளையில் நிற்கின்றன. அன்றைய ரசத்துக்கு வேண்டிய இரண்டை அன்று காலையில் பறிப்பதுதான் வழக்கம். அதே தளத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது; கொடியில் துணி காய்கிறது; வெயில் காலத்தில் வடகமும் காய்கிறது. மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-இலேயே இந்தியாவில் தடை வந்தது. தடை செய்யப்படாதவையும் இந்தச் சூழலை எண்ணி அனுமதிக்கப்பட்டவை அல்ல.

பொறிகளின் கணக்கும் அப்படித்தான். காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 12 இனக்கவர்ச்சிப் பொறி என்றால் ஏறக்குறைய 3,000 செடிக்கு ஒன்று. பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டுமே. வேறிடத்தில் இணைசேர்ந்து பறந்து வரும் பெண்பூச்சியை அது தடுக்காது. மாடியில் அப்பொறி எச்சரிக்கை மணியாக மட்டுமே பயன்படும். பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்ற பரிந்துரை பதினாறு வரிசை இல்லாத இடத்தில் தன் வடிவை இழக்கிறது. ஆயினும் அதன் உட்கருத்து வீட்டுக்கு உதவும்: அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடுகிறது, அந்தப் பூக்களைப் பார்த்து முட்டையையும் புழுவையும் களைபவர் இருந்தால்தான் அது பொறிப்பயிர். பார்க்காமல் விட்டால் அதுவே புழுவுக்கு வளர்ப்பிடம்.

4. பொறுமை வேண்டிய இடம்: தின்னும் புழுக்கள்

காய்ப்புழு (ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா) தலையைக் காய்க்குள் நுழைத்து உடலை வெளியே வைத்துத் தின்னும். ஒரு காயோடு நிற்காமல் அடுத்ததற்கு நகரும். முட்டைகளைத் தனித்தனியாக இளந்தளிரிலும் பூவருகிலும் இடுவதால் முட்டைப் பருவத்தில் கண்டுபிடிப்பது கடினம். புழு வெளிப்படையானது, விரலால் எடுத்துவிடலாம். புகையிலை வெட்டுப்புழு (ஸ்போடாப்டெரா லிட்டூரா) இதற்கு நேர்மாறு: நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவைக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் ஒரு தலைமுறையே போய்விடும். வளர்ந்த புழு பகலில் ஒளிந்து இரவில் மேய்வதால், இருட்டிய பின் டார்ச் விளக்கோடு தேட வேண்டும்.

37,000 செடியில் இவ்வாறு தேட முடியாது என்பதால்தான் வயலுக்கு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. பத்துச் செடியில் முடியும். வீட்டுத் தோட்டத்தின் உண்மையான மிகைபலம் இந்த நெருக்கமான பார்வை. அதைக் கைவிட்டு வயலின் மருந்தை எடுத்துக்கொள்வது வலிமையைக் கொடுத்துப் பலவீனத்தை வாங்குவதாகும். தவிர, மாடிக்கு வரும் அந்துப்பூச்சி மருந்தடித்த வயல்களில் பிழைத்த வம்சத்தது. 1987-88-இல் ஆந்திரத்துப் பருத்தி வயல்களில் இதே காய்ப்புழு பைரித்ராய்டு மருந்துகளுக்கு அசையாமல் நின்றது வேளாண் வரலாறு அறிந்த செய்தி. மருந்துக்குப் பூச்சி எதிர்ப்புத்திறன் வளர்க்கலாம்; கையால் பிடிப்பதற்கு எதிராக அது இயலாது.

தென் அமெரிக்க ஊசிப்புழு (டூட்டா அப்சலூட்டா) சற்றுக் கூடுதல் கவனம் கேட்பது. ஐரோப்பாவில் 2006-இல் ஸ்பெயினில் நுழைந்து, 2014-இல் இந்தியாவில் மகாராட்டிரத்தில் முதலில் பதிவாகி, விரைவிலேயே தென்மாநிலங்களுக்கும் பரவியது. இலையின் இரு தோலுக்கும் இடையே வாழ்வதால் தெளிப்பு அதை எளிதில் எட்டாது. இதே போல் இலைக்குள் வாழும் இலைத்துளைப்பான் வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து செல்லும்; ஊசிப்புழு திட்டுத் திட்டாகத் தின்று இலையைக் கண்ணாடித்தாள் ஆக்கும். முன்னதைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். பூக்கும் முன் கீழிலைகளில் ஒரு பகுதி போனாலும் செடி ஈடுகட்டிக்கொள்ளும். பின்னதைக் கண்டவுடன் இலையைப் பறித்து, ஞெகிழிப் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது.

அணிலும் பறவையும் தின்பதற்கு விடை இன்னும் எளிது. தக்காளி பறித்த பின்னும் பழுக்கும் இயல்புடையது. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழம் நம்முடையது.

5. அவசரம் வேண்டிய இடம்: வெள்ளை ஈ

இதுவரை சொன்னவை தின்றதைத்தான் இழக்கச் செய்யும். வெள்ளை ஈ (பெமிசியா டபாசி) உறிஞ்சும் சாறு அற்பம். அது சுமந்துவரும் இலைச்சுருள் நச்சுயிரி செடியையே எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தப் பூச்சி இலையின் அடிப்புறத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. நச்சுயிரியை ஏற்ற ஈ பல நாள்களுக்கு, சில வேளை ஆயுள் முழுதும், அதைப் பரப்பும். நட்ட முதல் வாரங்களில் தொற்றினால் விளைச்சல் ஏறக்குறைய இல்லை. காய்பிடித்த பின் தொற்றினால் இழப்பு குறைவு.

இங்கே சேத நிலைக் கணக்கு தலைகீழாகிறது. புழு பத்து வரை பொறுக்கலாம் என்றால், நச்சுயிரி சுமந்த ஈ ஒன்றுகூடப் பொறுக்கத்தக்கதன்று. ஆனால் வீட்டு நடைமுறை என்ன? சுருண்ட செடி பச்சையாக இருக்கிறது, இரண்டு பூவும் விட்டிருக்கிறது. ஆகவே பிடுங்க மனம் வருவதில்லை. பஞ்சகவ்யம் தெளித்து, மீன் அமிலம் ஊற்றிக் காத்திருக்கிறார்கள். நச்சுயிரி ஏறிய செடியைக் குணப்படுத்தும் கரைசல் எதுவும் கிடையாது. அந்தக் காத்திருப்புக் காலம் முழுவதும் அச்செடி அண்டைப் பைகளுக்கு நோய் வழங்கும் ஊற்றாக நிற்கிறது.

பிடுங்கும் முன் நோயை உறுதிசெய்ய வேண்டும். கோடை வெப்பத்தில் முதிர்ந்த கீழிலைகள் மேல்நோக்கி மடங்குவது நோயன்று. புதுத்தளிர் சிறுத்து, சுருண்டு, விளிம்பு மஞ்சளாகி, கணுவிடை குறுகிச் செடி குத்துக் குத்தாக நின்றால் அது நச்சுயிரி. காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்குவதும் பூச்சியின் வேலையன்று. தண்ணீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் வற்றியும் போவதால் காய்க்குக் கால்சியம் சேராமையே காரணம். பைகளில் இது அடிக்கடி வருவது, மருந்தடித்துத் தீராதது.

நச்சுயிரிக்கு எதிரான செயல் நோய் தெரிவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் நுண்ணிய நைலான் வலையால் மூடுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு ஈயின் வருகையை அறிவது, எதிர்ப்புத்திறன் கொண்ட இரகத்தைத் தேர்வது ஆகியவை அவ்வகை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும் கலப்பினம். கலப்பினத்தின் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் அதே பண்பு கிடைக்காது என்பது நாட்டு விதை ஆர்வலரின் நியாயமான மறுப்பு. பெரியகுளம் 1 போன்ற இரகத்தின் விதையைச் சேமிக்க விரும்புவோர், வலைக்கும் பிடுங்குதலுக்கும் கூடுதலாகக் கடமைப்பட்டவர்கள்.

6. இரு மறுப்புகள்

வேதிமருந்து வேண்டாம், இயற்கைக் கரைசல் அடிக்கலாமே என்பது முதல் மறுப்பு. இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் (1938–2013) போன்றோரின் பணியால் ஐந்திலைக் கரைசலும் இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசலும் வீடுகளை எட்டின. அவற்றை ஏற்பதற்கும் பகுத்தறிந்து ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு. 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றின் செயல்முறை தெளிவானது: அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுத்துத் தோலுரிப்பைக் குலைக்கிறது. மறுநாள் காலையில் செத்த புழுவை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். வெயிலில் அது விரைந்து சிதைவதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். புகையிலைக் கரைசல் வேறு கதை: நிக்கோட்டின் மனிதருக்குக் கொடிய நஞ்சு, புகையிலை வழியே தக்காளிக்குத் தேமல் நச்சுயிரியும் கைமாறலாம். இலையிலிருந்து வந்தது என்பது தீங்கின்மைக்குச் சான்றாகாது.

பூச்சி பெருகிய பின் கைவேலை எப்படிப் போதும் என்பது இரண்டாம் மறுப்பு. மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகும் வேகத்துக்கு இது பொருந்தும்தான். விடையைப் பப்பாளி மாவுப்பூச்சி தந்திருக்கிறது. 2008-இல் கோவையில் காணப்பட்ட அப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை அழித்தது. தெளிப்புகள் நிலையான பலன் தரவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியே அதை அடக்கியது. வீட்டுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், குளவியும் பொறிவண்டும் வந்து சேர நாள் பிடிக்கும் என்பதும், அதற்குள் தெளிக்கும் பரந்த நஞ்சு அவற்றை முதலில் கொல்லும் என்பதும். மாவுப்பூச்சியைக் காக்கும் எறும்பின் வழியைத் தடுத்து, தண்ணீரைப் பீய்ச்சி, வேப்பெண்ணெயைக் காதி சோப்பில் கரைத்துப் பூச்சிமேல் மட்டும் படும்படி தெளிப்பது அந்த இடைவெளியைக் கடக்கப் போதும்.

7. முடிவுரை

மாடித்தோட்டத்துக்கான பூச்சிப் பரிந்துரை செடியை அலகாகக் கொண்டு எழுதப்பட வேண்டும். அதன் முதல் கேள்வி ‘எந்த மருந்து’ என்பதாக இருக்கக்கூடாது. இந்தப் பூச்சி ஒரு காயை எடுக்கிறதா, ஒரு செடியை எடுக்கிறதா, அடுத்த செடிகளையும் எடுக்குமா என்று கேட்க வேண்டும். காயை எடுப்பதற்கு விரலும் பொறுமையும். சாறுறிஞ்சிப் பெருகுவதற்குத் தண்ணீரும் வேம்பும் காத்திருப்பும். நச்சுயிரி சுமப்பதற்கு முன்கூட்டிய வலையும், நோய் உறுதியானதும் அன்றே பிடுங்குதலும். அரசு வழங்கும் கிட்டில் நாற்றுக்கு மூடும் ஒரு சிறு நைலான் வலையும், நோயுற்ற செடியையும் வெப்பத்தில் மடங்கிய செடியையும் அருகருகே காட்டும் ஒரு வண்ணப்பட அட்டையும் சேர்க்கப்பட்டால், எந்தப் புட்டியைவிடவும் அவை அதிகச் செடிகளைக் காக்கும்.