இடம் தேரும் இளவுயிர்

கரையேற்றிய வல்லத்தின் அடிப்புறத்தைக் கையால் தடவினால் உள்ளங்கையைக் கீறும் வெள்ளைக் கூம்புகள் தட்டுப்படும். அவைதான் கொட்டலசு. ஓட்டைப் பார்த்தால் சிப்பியினம் என்றே தோன்றும். இயற்கையியலாளர்களான லின்னேயசும் கூவியேயும் அப்படித்தான் வகைப்படுத்தினர். அயர்லாந்தின் கார்க் நகரில் படை மருத்துவராக இருந்த ஜான் வாகன் தாம்சன், கடலில் அரித்தெடுத்த சிற்றுயிர்களைக் கலத்தில் வளர்த்துப் பார்த்தார். நீந்திக்கொண்டிருந்தவை கலத்தில் ஒட்டிக் கொட்டலசுகளாயின. 1830இல் அவர் இதை வெளியிட்டபோதுதான் கொட்டலசு இறால், நண்டுக்கு உறவு என்பது வெளிப்பட்டது.

நீந்தித் திரிந்த உயிர் ஓரிடத்தில் ஏன் நின்றது? இளவுயிரிகள் நீரோட்டம் போன போக்கில் விழுகின்றன, நல்ல இடத்தில் விழுந்தவை பிழைக்கின்றன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் டக்ளஸ் வில்சன் அந்த நம்பிக்கையை அசைத்தார். மணலில் வாழும் ஒஃபீலியா என்ற புழுவின் இளவுயிரிகளுக்குப் பலவகை மணலைக் கொடுத்துப் பார்த்தார். நுண்ணுயிர் படர்ந்த மணலை அவை நாடின. சூடேற்றி நுண்ணுயிர் அழித்த மணலை ஒதுக்கின. பிடித்த மணல் கிடைக்காதபோது உருமாற்றத்தையே தள்ளிப்போட்டன.

கொட்டலசின் தேர்வு இன்னும் நுட்பமானது. நாப்ளியஸ் என்னும் நீந்தும் இளநிலைகள் ஆறைக் கடந்தபின் அது சைப்ரிட் என்னும் கடைசி இளநிலையை அடைகிறது. சுமார் அரை மில்லிமீட்டர் நீளம். இரண்டு கூட்டுக் கண்கள். இனி அதற்கு உணவில்லை, உடலில் சேர்த்த எண்ணெய்தான் கட்டுச்சோறு. அது தீருமுன் இடம் பார்த்தாக வேண்டும். பாறையைத் தொட்டதும் முன்னுள்ள இரு உணர்கொம்புகளைக் கால்களாக்கி மாறிமாறி ஊன்றி நடக்கிறது. ஊன்றும் வட்டில் பசை கசிகிறது. கொம்பின் நுனி பாறையைத் தொட்டுத் தொட்டுச் சோதிக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டு நீந்திப் போய்விடும்.

அது தேடுவது பெரும்பாலும் தன் இனத்தின் அடையாளத்தை. முதிர்ந்த கொட்டலசின் மேல்தோலில் உள்ள ஒரு புரதம் அதை ஈர்க்கிறது. முன்பு நடந்து போன சைப்ரிட்டின் காலடிப் பசையும் ஈர்க்கிறது. காரணம் வாழ்க்கையோடு ஒட்டியது: ஒட்டியபின் நகர முடியாது, கருவுறப் பக்கத்துக் கொட்டலசு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் உறுதியானதும் தலையைக் கீழே வைத்துச் சிமெண்டைச் சுரக்கிறது. கூட்டுக் கண்கள் கழன்றுபோகின்றன. இடம் தேட உதவிய கண்ணுக்கு இனி வேலையில்லை. சுற்றிலும் ஓடு எழும்புகிறது.

இனத்துக்கு இனம் அடையாளம் வேறுபடும். ஹைட்ராய்டிஸ் என்ற குழாய்ப்புழு, பாக்டீரியா படர்ந்த வழுவழுப்பைத் தொட்டால்தான் உருமாறும். பவள இளவுயிரிகள் பல, சுண்ணாம்புச் சிவப்புப் பாசி படர்ந்த பாறையை நாடும்.

நம் கடலிலும் இதே தேவை உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வாழும் பாறைத் திட்டுகளை நம்மவர் ‘பார்’ என்பர். அந்தப் பாரை மணல் மூடினால் சிப்பிக்குஞ்சு பற்றிக்கொள்ள இடமிராது. கடலில் விதை மிதந்துகொண்டிருக்கும், விளைச்சல் இராது. பாறையில் நாம் அழுக்கென்று கழுவித் தள்ளும் நுண்ணுயிர்ப் படலமும், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு ‘இங்கே வா’ என்ற அழைப்பு. கடலைக் காக்கப் புறப்படுகிறவர் முதலில் அந்த வழுவழுப்பைக் காக்கட்டும்.