கழுவிய நீரோடு போனது

சுத்தம் என்கிற சொல்மீது எனக்கு வெகுநாளாகவே சந்தேகம் உண்டு. மூலபாடத்தைத் தேடுகிறேன் என்று பாடபேதத்தையும் இடைச்செருகலையும் கழித்துக்கொண்டே போகும் பதிப்புமுறையைப் படித்தபோது தொடங்கியது அது. ரத்த ஆய்வின் வரலாற்றிலும் அந்தச் சொல் எதிர்ப்பட்டது.

ஹீமோகுளோபின் நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றித் திசுக்களில் இறக்குகிறது. கரியமிலவாயு கூடினால் அதன் பிடி தளர்கிறது என்று 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போரும் சகாக்களும் காட்டினார்கள். 1909இல் கேம்பிரிட்ஜில் பார்க்ராஃப்ட் குழு, கரைசலின் உப்பு மாறினால் பிடிப்பின் வளைகோடும் மாறுவதைக் கண்டது. உப்பு மூலக்கூறுகளைக் கூட்டமாக ஒட்டவைக்கிறது என்று ஏ.வி. ஹில் 1910இல் விளக்கினார். ஒரே மூலக்கூறில் நான்கு ஆக்ஸிஜனுக்கு இடமுண்டு என்று 1925இல் அடேர் காட்டியதும் அந்த விளக்கம் விழுந்தது. அதோடு உப்பும் விளிம்புக்குத் தள்ளப்பட்டது என்பது என் வாசிப்பு. மையத்தில் மூலக்கூறு, மற்றதெல்லாம் கழுவ வேண்டிய அழுக்கு.

1967இல் நியூயார்க்கில் ரைன்ஹோல்ட் பெனெஷ், ரூத் பெனெஷ் தம்பதியும், வர்ஜீனியாவில் சானுட்டின், கர்னிஷ் இருவரும் தனித்தனியே இன்னொன்றைக் கண்டார்கள். சிவப்பணுவுக்குள் டிபிஜி என்றொரு பாஸ்பேட் சேர்மம் ஏறக்குறைய ஹீமோகுளோபினின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறது. அதைக் கழுவி எடுத்துவிட்டால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. திசுவில் லேசில் விடமாட்டேன் என்கிறது. குளோரைடு அயனியின் வேலையும் இதுபோலத்தான்: ஆக்ஸிஜன் ஏறாத வடிவத்தை நிலைநிறுத்திப் பிடியைத் தளர்த்துவது.

சரி, தண்ணீர்? 1992இல் கொலம்போ, ராவ், பார்சீஜியன் மூவரும் நீரைத் தம்பக்கம் இழுக்கும் சர்க்கரை போன்ற பொருட்களைக் கரைசலில் சேர்த்துப் பார்த்தார்கள். பிடி தளர்ந்தது. ஆக்ஸிஜன் முழுக்க ஏறிய வடிவத்துக்கு மாறும்போது ஏறக்குறைய 60 நீர் மூலக்கூறுகள் கூடுதலாக வந்து ஒட்டுகின்றன என்பது அவர்கள் கணக்கு. வெறும் மேடை என்று நினைத்திருந்த நீர், நாடகத்தில் பாத்திரமாகிவிட்டது.

இதிலிருந்து சமூகத்துக்கு நேராகத் தத்துவம் இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ரத்தசுத்தம் பேசியவர்களும் அறிவியலின் பெயரால்தான் பேசினார்கள். நான் கேட்பது ஆய்வுமுறை பற்றிய கேள்வி. ஒன்றைப் புரிந்துகொள்ளப் பிரித்தெடுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் கழுவிக் கொட்டிய பாத்திரத்தையும் ஒருதரம் எட்டிப் பார்த்தோமா? ஹீமோகுளோபின் விஷயத்தில், வாங்கியதைக் கொடுக்கவைக்கிற சங்கதி அந்தப் பாத்திரத்தில்தான் கிடந்தது.