அண்ணா காலத்தில் பிறந்த ஓர் ஒளி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களில் சிலர், அண்ணா நினைவு இல்லத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவார்கள். 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, 1967 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார். மறு ஆண்டே உணவுக்குழாயில் புற்றுநோய். செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். பட்டுக்குப் பேர்போன ஊரை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

அந்நாளில் ரத்தத்தைச் சோதித்துப் புற்றுநோய்க் கட்டியைப் பற்றி எதுவும் சொல்வது அநேகமாக நடக்காத காரியம். குடல் புற்றுநோய்க் கட்டியில் சி.இ.ஏ. என்ற புரதம் இருப்பதை மான்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் எழுதியதே 1965இல்தான்.

அதே 1965இல், இதற்குச் சற்றும் தொடர்பில்லாமல் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் பார்ட், கே.எஸ்.வி. சந்தானம். ஒரு கரிமச் சேர்மத்தின் கரைசலில் மின்முனையை வைத்து மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒளி வருகிறது என்பதுதான் செய்தி. முந்திய ஆண்டு டேவிட் ஹெர்குலிசும், பெல் ஆய்வகத்தின் விஸ்கோ, சாண்ட்ராஸ் இருவரும் இதைத் தனித்தனியே கண்டிருந்தார்கள். சந்தானம் பின்னாளில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். இந்தத் துறையின் முதல் பக்கங்களிலேயே ஓர் இந்தியப் பெயர் இருப்பது நம் பாடப்புத்தகம் எதிலாவது வந்திருக்க வேண்டிய செய்தி.

மின்சாரமும் வேதியியலும் சேர்ந்து செய்யும் வேலை காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. ஜரிகையின் வெள்ளி இழைமேல் பொன்முலாம் ஏறுவது அப்படித்தான். அரசின் ஜரிகை நிறுவனமே இந்த ஊரில் இருக்கிறது. ஆனால் பார்டும் சந்தானமும் எழுதிய அந்த ஒளியை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவர முப்பது ஆண்டு பிடித்தது. தொடக்க காலச் சோதனைகளுக்கு ஈரமும் ஆக்சிஜனும் ஆகாது. ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். 1972இல் டோக்கலும் பார்டும் ருத்தேனியச் சேர்மம் ஒன்று செம்மஞ்சளாக ஒளிர்வதைக் காட்டினார்கள். ட்ரைப்ரோபைலமீன் என்ற துணைப்பொருளைச் சேர்த்தால் அந்த ஒளி தண்ணீரிலேயே நன்றாக வரும் என்று 1990இல் லேலண்டும் பவலும் எழுதினார்கள். 1996இல் ஜெர்மனியின் போரிங்கர் மான்ஹைம் இதை வைத்து எலெக்சிஸ் என்ற இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; அடுத்து அந்த நிறுவனம் ரோஷ் கைக்குப் போனது. ஹார்மோன்களை அளக்கக் கதிரியக்க அயோடினைப் பெரிதும் நம்பியிருந்த காலம் ஒன்று முன்பு இருந்தது.

இயந்திரத்துக்குள் நடப்பது இதுதான். தேடும் புரதத்தை இரண்டு எதிர்ப்பொருள்கள் இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றில் ருத்தேனியம், மற்றொன்றில் பயோட்டின். பயோட்டின் பக்கம் நுண்ணிய காந்த மணிகளில் ஒட்டிக்கொள்ள, காந்தம் அந்த மணிகளை மின்முனைமேல் இழுத்துப் படியவைக்கிறது. மிச்சத்தைக் கழுவிவிட்டு மின்னழுத்தம் கொடுத்தால் ஒளி. எவ்வளவு ஒளியோ அவ்வளவு புரதம். பெரும்பாலான சோதனைகள் 18 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இது வந்துவிட்டதால் அண்ணாவுக்கு வந்த நோயை இன்று ஒரு துளி ரத்தத்தில் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு இன்றும் எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும்தான். சி.இ.ஏ. பெரும்பாலும் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரைத் தொடர்ந்து கண்காணிக்கவே பயன்படுகிறது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இந்த இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களை நம்பியிருப்பது சரியான நிலை இல்லை.

தைராய்டு ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சோதனை முறை என்ற இடத்தில் ‘இ.சி.எல்.ஐ.ஏ.’ என்றிருந்தால் இந்த ஒளிதான். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுக்கும் முன் லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் காந்த மணிகளில் அது இடம்பிடித்துக்கொண்டு, சோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும்.