கோல்ப் கிட் வாங்க போறீங்களா? பர்ஸை திறக்கும் முன் ஸ்கோர் கார்டை பாருங்க!

சென்னை:

ஆபீசில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவிங் ரேஞ்சுக்கு போகிறார் ஒருவர். இருபது பந்து தரையோடு உருளுகிறது. இருபத்தோராவது பந்து 'டக்' என்று சரியாக பட்டு வானத்தில் பறக்கிறது. அவ்வளவுதான், ஆள் காலி! அடுத்த வாரமே கிரெடிட் கார்டை தேய்த்து 14 மட்டைகள் கொண்ட முழு செட்டை வாங்கிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து பார்த்தால் பை பரண் மேல் கிடக்கிறது. தவணை மட்டும் ஓடிக்கொண்டு இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு கோல்ப் ஒன்றும் புதுசு இல்லை. கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகளும் தொழில் அதிபர்களும் மட்டும் ஆடிய இந்த ஆட்டத்துக்கு இப்போது சம்பளக்காரர்களும் வருகிறார்கள். அவர்களுக்குத்தான் காசு விஷயத்தில் கவனம் தேவை.

எத்தனை மட்டை வேண்டும்?

விதிப்படி ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். 'அதிகபட்சம்' என்றுதான் விதி சொல்கிறது. கண்டிப்பாக 14 வேண்டும் என்று சொல்லவில்லை! புதிதாக ஆடுபவருக்கு 7 போதும்.

* நீண்ட தூரத்துக்கு ஒரு பேர்வே உட், ஒரு ஹைபிரிட்.

* நடுத்தர தூரத்துக்கு 7 மற்றும் 9 எண் அயர்ன்கள்.

* கிட்டே வந்த பிறகு தூக்கி போட ஒரு பிட்சிங் வெட்ஜ். மணல் குழியில் இருந்து எடுக்க ஒரு சேண்ட் வெட்ஜ்.

* கடைசியில் குழிக்குள் உருட்ட ஒரு பட்டர்.

என்ன, பட்டியலில் டிரைவரையே காணோமே என்கிறீர்களா? காரணத்தோடுதான் விட்டிருக்கிறோம். பிரபல கம்பெனியின் புது டிரைவர் ஒன்றே அரை லட்சம் ரூபாயை தொடும். மட்டைகளிலேயே நீளமானதும், நேராக அடிக்க கஷ்டமானதும் அதுதான். கை பழகிய பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் முகப்பு சாய்வு 9 டிகிரி உள்ளதை எடுக்காமல், 11 அல்லது 12 டிகிரி உள்ளதாக பார்த்து எடுங்கள். சாய்வு கூடினால் பந்து எளிதாக மேலே எழும்பும், பக்கவாட்டில் வளைவதும் குறையும்.

தண்டை பாருங்க

பலரும் மட்டையின் தலையில் உள்ள பெயரைத்தான் பார்க்கிறார்கள். தண்டு எவ்வளவு வளையும் என்பதும் முக்கியம். 'ரெகுலர்', 'ஸ்டிப்', 'சீனியர்', 'லேடீஸ்' என்று தண்டில் பிரிவு இருக்கும். டி.வி.யில் வீரர்கள் வைத்திருக்கிறார்களே என்று விறைப்பான ஸ்டிப் தண்டை வாங்கினால், வீச்சு வேகம் குறைந்தவருக்கு பந்து தாழ்வாக போய், பெரும்பாலும் வலது பக்கம் ஓடும். சுமாரான வேகத்தில் வீசுபவருக்கு ரெகுலர் போதும். வயதானவர்கள் எடை குறைந்த கிராபைட் தண்டு எடுக்கலாம்.

உயரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. ரெடிமேட் செட்டுகள் ஓரளவு உயரமான ஆண்களை மனதில் வைத்து செய்யப்பட்டவை. குள்ளமானவர்கள், பெண்கள் கடையிலேயே நின்று, இயல்பாக குனிந்து மட்டையை தரையில் வைத்து பாருங்கள். மட்டையின் நுனி ரொம்ப தூக்கிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு இல்லை.

பழைய செட் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய அயர்ன் செட்டில் புதியவருக்கு ஒரு குறையும் தெரியாது. தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா, தண்டில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கைப்பிடி ரப்பர் காய்ந்து வழுக்கினால் புதிதாக மாட்டிக்கொள்ளலாம், செலவு குறைவுதான்.

ஆனால் 'புத்தம் புதுசு, பாதி விலை' என்று யாராவது வந்தால் உஷார்! பெரிய கம்பெனி பெயரில் போலி மட்டைகள் நிறைய வருகின்றன. தண்டு இணையும் இடத்தில் உள்ள வரிசை எண்ணை பாருங்கள். பில் கேளுங்கள்.

பந்தும் அப்படித்தான். தண்ணீரிலும் புதரிலும் தொலைக்கப்போகிற பந்துக்கு விலை உயர்ந்த ரகம் எதற்கு? இரண்டு அடுக்கு கொண்ட சாதாரண பந்து போதும். ஆனால் ஒரே ரகத்தையே தொடர்ந்து ஆடுங்கள், அப்போதுதான் தூரம் கைக்கு பிடிபடும்.

நம்ம ஊர் வெயிலில் மட்டைகளை கார் டிக்கியில் போட்டு வைக்காதீங்க. தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். வியர்வை பட்ட கைப்பிடியை சோப்பு தண்ணீரில் துடைத்து காய வையுங்கள். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி போடுங்கள்.

ஸ்கோர் எங்கே கரைகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'பட்டிங் நன்றாக செய்தால் போதும்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழக பேராசிரியர் மார்க் பிராடி, லட்சக்கணக்கான அடிகளை கணக்கு பார்த்து 2014ல் வெளியிட்ட புத்தகத்தில், நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே இருந்து அடிக்கும் அடிகளில்தான் வருகிறது என்று காட்டினார்.

அப்படியானால் புது டிரைவர் வாங்க வேண்டியதுதானே என்று கிளம்பிவிடாதீர்கள்! புதியவருக்கு அங்கே போவது தூரம் மட்டும் இல்லை. எல்லைக்கு வெளியே போன பந்து, தண்ணீரில் விழுந்த பந்து, தரையில் குத்தி பத்தடி நகர்ந்த பந்து, இவைதான் ஸ்கோரை தின்கின்றன. எல்லைக்கு வெளியே அடித்தால் அபராதம் ஒன்று, பழைய இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி அடிக்க வேண்டும். இந்த நஷ்டத்தை எந்த மட்டையும் ஈடு கட்டாது.

எனவே ஐந்து ஆட்டங்களுக்கு இந்த மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். அபராத அடிகள் எத்தனை? சரியாக படாமல் வீணான அடிகள் எத்தனை? மூன்று முறைக்கு மேல் உருட்டிய குழிகள் எத்தனை? உதாரணமாக 105 அடிக்கும் ஒருவருக்கு இவை 7, 8, 5 என்று வந்தால் மொத்தம் 20. அதில் பாதியை குறைத்தாலே 95. ஒரு பைசா செலவில்லாமல்!

கிரிக்கெட் கையை மறங்க

நம்மவர்கள் பலர் கிரிக்கெட் ஆடிவிட்டு வருபவர்கள். கீழ்க்கையால் சுழற்றி சிக்சர் அடித்த பழக்கம் லேசில் போகாது. இங்கே வேகம் உடல் திரும்புவதில் இருந்து வருகிறது, கை முறுக்கில் இருந்து அல்ல. பந்தை தூக்கிவிட நினைத்து கீழே இருந்து அள்ளுவது அடுத்த தப்பு. மட்டையின் சாய்வே பந்தை தூக்கும். முதலில் பந்து, பிறகு புல் என்ற வரிசையில் மட்டை பட வேண்டும். ரேஞ்சில் தரையில் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் வீசி பாருங்கள். மட்டை உரசிய தடம் கோட்டுக்கு முன் பக்கம், அதாவது இலக்கு இருக்கும் பக்கம், விழ வேண்டும்.

இந்த தப்பெல்லாம் நம் கண்ணுக்கே தெரியாது. அதனால் முதல் பணத்தை பயிற்சியாளருக்கு கொடுங்கள். ஐந்தாறு வகுப்பு போய்விட்டு, பிறகு மட்டை வாங்கினால் எது தேவை என்று அவரே சொல்லிவிடுவார். அதுவரை ரேஞ்சிலோ நண்பரிடமோ மட்டையை வாங்கி அடித்தால் போதும்.

பட்டிங்குக்கு வீடு போதும். ஜமக்காளத்தை விரித்து, காபி டம்ளரை படுக்க வைத்து உருட்டி பழகுங்கள். மைதானத்தில் குழியின் அகலம் 108 மில்லி மீட்டர். டம்ளரில் விழுந்த பந்துக்கு அது குளம் மாதிரி தெரியும். நம்ம ஊர் மைதானங்களில் அருகம்புல் இனங்களும் உண்டு. பிள்ளையாருக்கு போடும் அதே வகைதான்! அந்த புல் படிந்திருக்கும் திசையில் உருட்டினால் பந்து வேகமாக ஓடும், எதிர்த்து உருட்டினால் சீக்கிரம் நிற்கும். அதை பார்த்துவிட்டு உருட்டுங்கள்.

முதுகும் உயிரும் முக்கியம்

ஆர்வ கோளாறில் ஒரே நாளில் 200 பந்து அடித்தால் அடி முதுகும் முழங்கையும் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் உடலை சூடாக்கிய பிறகு 50 பந்து நிதானமாக அடியுங்கள். விடியற்காலையிலேயே ஆடி முடித்துவிடுவது நல்லது. இடி சத்தம் கேட்டால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

கொஞ்சம் தேறியதும் ஹேண்டிகேப் எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் அதிகபட்சம் 54. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8ன் சராசரியை வைத்து கணக்கிடுவார்கள். நீங்கள் முன்னேறுகிறீர்களா இல்லையா என்பதை பக்கத்து வீட்டுக்காரரின் புது கிட் சொல்லாது, இந்த எண்தான் சொல்லும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்த பெங்களூர் வீராங்கனை அதிதி அசோக், அங்கே ஆடியவர்களில் தூரம் குறைவாக அடித்தவர்களில் ஒருவர். இந்திய ஓபன் பட்டத்தை 2016, 2017ல் அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி.சவ்ராசியா, கொல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த ஊழியரின் மகன். 1991ல் அதே பட்டத்தை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ப் கிளப்பில் மற்றவர்களின் மட்டை பையை சுமந்த கேடி என்பது குறிப்பிடத்தக்கது.