நாள் தள்ளிப்போச்சா? கர்ப்பமா, நீர்க்கட்டியா? பெண்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

கல்யாணமான பெண்ணுக்கு பத்து நாள் தள்ளிப்போனால் போதும், "முழுகாம இருக்கா" என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், "கர்ப்பம் இல்லம்மா, சினைப்பையில நீர்க்கட்டி இருக்கு" என்பார் டாக்டர். சிலருக்கு இது நேர்மாறு. கட்டிதானே என்று அலட்சியமாக இருப்பார்கள். கடைசியில் பார்த்தால் 3 மாத கர்ப்பம்!

இந்தக் குழப்பம் தீர என்ன செய்யலாம்?

முதலில் சிறுநீர் சோதனை

21 நாள் முதல் 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்தால் அது சரியான கணக்குதான். வழக்கமான நாள் தாண்டிவிட்டால், மருந்துக் கடையில் கிட் வாங்கி காலையில் முதலில் போகும் சிறுநீரில் சோதித்துப் பாருங்கள். கரு தங்கியதும் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத்தான் இது காட்டுகிறது.

2 கோடு வந்தால் கர்ப்பம். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரே கோடு என்றால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மாதம் கருமுட்டை லேட்டாக வந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

சாதாரண நீர்க்கட்டிக்கு 2 கோடு வராது. குழந்தையின்மை சிகிச்சைக்கு எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு மட்டும் 2 வாரம் வரை தப்பாகக் காட்டலாம்.

கட்டி எப்படி வருது?

மாதாமாதம் சினைப்பையில் ஒரு சின்ன நீர்ப்பை வளரும். சுமார் 2 செ.மீ. ஆனதும் வெடித்து கருமுட்டை வெளியே வரும். சில மாதம் வெடிக்காமல் அப்படியே பெரிதாகிவிடும். அதுதான் நீர்க்கட்டி. மாதவிலக்கு தள்ளும், அடிவயிறு கனக்கும், சிலருக்கு மார்பும் வலிக்கும். கர்ப்பம் மாதிரியே இருக்கும். பெரும்பாலும் 2, 3 மாதத்தில் தானாகக் கரைந்துவிடும். கரையாவிட்டால்தான் அடுத்த சிகிச்சை.

பி.சி.ஓ.எஸ். என்பது வேற. பேரில்தான் கட்டி இருக்கிறது. உண்மையில் அது ஹார்மோன் கோளாறு. முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். முகத்தில் முடி, பரு, உடல் எடை கூடுவது இதன் அறிகுறிகள். 2, 3 மாதம் தள்ளிப்போவது இவர்களுக்கு சகஜம். அதனாலேயே கர்ப்பம் ஆனாலும் தெரியாமல் போய்விடும். "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று இருக்காமல் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. பி.சி.ஓ.எஸ். வந்தால் குழந்தையே பிறக்காது என்பதும் தப்பு.

இரண்டும் சேர்ந்து இருந்தால்?

கர்ப்பத்தோடு கட்டியும் இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் பயப்பட வேண்டாம். கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் கட்டி, ஆரம்பத்தில் கருவைத் தாங்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. பெரும்பாலும் 3, 4 மாதத்துக்குள் சுருங்கிவிடும்.

இந்த வலியை விடாதீங்க

கிட்டில் 2 கோடு வந்தபிறகு ஒரு பக்க அடிவயிற்றில் வலி, லேசான ரத்தப்போக்கு, தோள்பட்டை வலி, தலைசுற்றல் இருந்தால் கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்க்காமல் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடுவது இதனால்தான் பயங்கரம். அந்த மாத்திரைக்கு குழாயில் இருக்கும் கரு கலையாது. ஆனால் ரத்தப்போக்கு வந்ததும், "சரியாயிடுச்சு" என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, கட்டியோடு சினைப்பை முறுக்கிக் கொள்வது. திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும். நேரம் கடந்தால் சினைப்பையே போய்விடும். வாயு வலி என்று சோடா குடித்துவிட்டு படுக்காமல் உடனே 108-ஐ கூப்பிடுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கர்ப்ப பரிசோதனை இலவசம். வெட்கப்பட வேண்டியதில்லை. போகும்போது கடைசியாக மாதவிலக்கான தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.