தில்லையில் எழுதிய தொண்டை நாடு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து குன்றத்தூருக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனிப் பேருந்துகளும் ஓயாமல் ஓடுகின்றன. அண்மைக்காலம் வரை ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருந்த குன்றத்தூர்தான் சேக்கிழார் பிறந்த ஊர். இரண்டாம் குலோத்துங்கனிடம் (1133–1150) அமைச்சராக இருந்து, ஆட்சிப் பணியில் உச்சம் கண்டபின் பெருங்காப்பியம் எழுத உட்கார்ந்தவர் அவர். வாழ்க்கையின் பிற்பகுதியில் கவிதைக்கு வந்து, அதிலேயே நிலைத்துவிட்ட தமிழர்களில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் அரிது. அவருக்குக் கிடைத்த நிறைவு எதனால் வந்தது என்பதை அவருடைய நூலுக்குள்ளேயே தேடலாம்.

வரலாறு சுருக்கமானது. உமாபதி சிவம் பாடியதாக வழங்கும் சேக்கிழார் புராணத்தின்படி, மன்னன் சீவக சிந்தாமணியில் தோய்ந்திருந்தபோது அமைச்சர் அடியார்களின் கதையை எடுத்துரைத்தார். அதை நூலாக்கித் தரும்படி மன்னனே பொருள் கொடுத்துத் தில்லைக்கு அனுப்பினான். ஆயிரங்கால் மண்டபத்தில் எழுதிய நூல், ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை அரங்கேறியது. இந்த வரலாறு எழுதப்பட்டது சேக்கிழாருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் என்பதை ஆய்வாளர் மறக்கக் கூடாது. அமைச்சர் புலவரானார் என்ற அடிப்படைச் செய்தியை மரபு ஒருமுகமாகவே சொல்கிறது.

முதிர்ந்த வயதில் எழுதுவதன் பயனை இன்று பலரும் மனப்பாரத்தை இறக்கிவைப்பதாகவே விளக்குகிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வு அதற்கு வித்திட்டது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் துயர அனுபவத்தை எழுதிய கல்லூரி மாணவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பின்னர் பென்னிபேக்கரே அந்த எழுத்துகளை ஆராய்ந்து ஒரு திருத்தம் சொன்னார்: நாளுக்கு நாள் காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் பெருகியவர்களுக்கே கூடுதல் நன்மை. கொட்டுவதைவிடக் கோப்பதே பலன் தந்தது என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

சேக்கிழார் கோத்தவர். நாலாயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் தம்மைப் பற்றிப் பேசுவது மிகமிகக் குறைவு. அவர் தமக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டது சொந்தத் துயரத்தை அன்று, தாம் அறிந்த நாட்டை.

இதற்குத் திருக்குறிப்புத் தொண்டர் புராணம் சான்று. காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி ஒருவரின் கதை அது; 128 பாடல்கள். ஆனால் அவற்றில் பெரும்பகுதி தொண்டை நாட்டின் ஐந்திணை வளத்தையும் காஞ்சியின் சிறப்பையுமே பாடுகிறது. அடியவர் வந்து, துணி வெளுத்து, மழை பெய்து கலங்குவதெல்லாம் கடைசிச் சில பாடல்களில் முடிந்துவிடும். காப்பிய அளவு தெரிந்த புலவர் இப்படி அளவு மீறுவாரா? குறை என்று தோன்றும் இந்த இடம்தான் நூலிலேயே மிக நெருக்கமான இடம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சோழ நாட்டு மண்டபத்தில் அமர்ந்திருந்த தொண்டை நாட்டுக்காரர், ஒரு வெளுப்பவரின் கதையைச் சாக்காக வைத்துத் தம் ஊர்ப்பக்கத்தின் குன்று, காடு, வயல், கரை ஒவ்வொன்றாக நடந்து பார்த்திருக்கிறார்.

பதவியில் இருந்தபோது அவர் செய்தது இதன் மறுதலை. கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில் மனம் ஈடுபட்டு, அதே பெயரில் குன்றத்தூரில் ஒரு கோயில் எடுத்தார். அது இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதிகாரம் கையில் இருந்த நாளில் சோழ நாட்டுக் கோயிலைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தவர், எழுத்தாணி மட்டும் கையில் இருந்த நாளில் சொந்த நாட்டைத் தில்லைக்குக் கொண்டுபோனார்.

அலுவலும் கூடவே வந்தது. அமைச்சர் என்ற முறையில் ஊர்தோறும் பயணம் செய்து செய்தி திரட்டியிருப்பார் என்று மா. இராசமாணிக்கனார் விரிவாக வாதிட்டார். நூலைப் படித்தால் அது பொய்யாகத் தோன்றாது. நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். திருவொற்றியூர்க் கலியர் செல்வம் கரைந்தபின் பிறர் செக்கில் கூலிக்கு உழைக்கிறார். நாகைக் கடலில் அதிபத்தர் வலை வீசுகிறார். எந்த ஊரில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதில் தவறாத இந்தக் கண், கவிதைக்கு முன்பே ஆட்சியில் பழகிய கண்.

நோய்க்கு மருந்தாகப் பாட்டு அமைந்ததையும் அவர் பாடியிருக்கிறார். நெடுங்காலம் சமணத்தில் இருந்த தருமசேனர் சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்புகிறார். திருவதிகையில் பதிகம் பாடியதும் வலி நீங்குகிறது. அந்த நாவுக்கரசர் புராணத்துக்கு 429 பாடல்கள். குழந்தையாகவே பாடத் தொடங்கிய சம்பந்தருக்கு 1,256 என்பதால், தாமதமாக வந்தவர்களுக்கே அவர் சலுகை காட்டினார் என்று சொல்ல முடியாது. எனினும் தமக்கையின் வாசலில் வந்து நிற்கும் அந்தத் தம்பியைப் பாடும் பகுதியில் கனிவு தனியாகத் தெரிகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது 1998இல். அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஐம்பதை எட்டும் காலம் இது. அவர்களில் எவரேனும் ஓய்வுக்குப் பின் எழுத உட்கார்ந்தால், ‘மனசுல இருக்கிறதை எழுதுங்க’ என்ற வழக்கமான அறிவுரை போதாது. ஷிப்டு, லைன், கேன்டீன் வரிசை, வேலைக்கு வந்த நாளில் ஏரியாகவும் வயலாகவும் இருந்த இடம் இவையெல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. சேக்கிழாரிடம் செக்கும் வலையும் இருந்ததுபோல.

அரங்கேற்றம் முடிந்ததும் மன்னன் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, தானும் உடன் அமர்ந்து கவரி வீசியதாக மரபு சொல்கிறது. தொண்டை நாட்டை ஆளும் பொறுப்பு தம்பி பாலறாவாயருக்குப் போனது. அண்ணன் தில்லையிலேயே தங்கிவிட்டார்.